மின்தொகுப்பின் அலைவும் பழுதுதாங்கும் தணிப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மின் பொறியியல் மாணவர்களும் துணைமின் நிலையங்களில் பணியாற்றும் நண்பர்களும் பல ஆண்டுகளாக என்னிடம் கேட்டுவரும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்களின் வாய்மொழியை இயன்றவரை அப்படியே வைத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில் வருகின்றன, சிக்கலானவை பின்னால் வருகின்றன.

1. அலைவு என்று எதைச் சொல்கிறீர்கள்? மாறுமின்னோட்டமே வினாடிக்கு 50 முறை அலைவதுதானே?

அந்த 50 ஹெர்ட்ஸ் நாம் வேண்டி உண்டாக்கியது. இங்கே பேசுவது அதன்மேல் வந்து ஏறிக்கொள்ளும் மெதுவான ஊசலாட்டத்தை. ஒரு மின்தொகுப்பில் இணைந்த ஜெனரேட்டர்கள் எல்லாம் ஒன்றோடொன்று இசைந்து சுழல வேண்டும். ஒரு லைன் அறுந்தாலோ பெரிய மின்னாக்க அலகு ஒன்று நின்றாலோ சில சுழலிகள் சற்றே முந்திவிடும், சில பிந்திவிடும். முந்தியவை கூடுதல் மின்சாரத்தை வெளியே தள்ளுவதால் வேகம் இழக்கும். பிந்தியவை சுமை குறைந்து வேகம் பிடிக்கும். இரண்டும் சமநிலையைத் தாண்டிப் போய்த் திரும்பி வரும். லைன்களில் ஓடும் மெகாவாட்டும் அதற்கேற்ப ஏறி இறங்கும்.

ஒரு நிலையம் மட்டும் மற்றவற்றுக்கு எதிராக அலைந்தால் அலைவெண் பெரும்பாலும் 1 முதல் 2 ஹெர்ட்ஸ் வரை இருக்கும். ஒரு பெரும்பகுதி முழுவதும் இன்னொரு பகுதிக்கு எதிராக அலைந்தால் 0.1 முதல் 0.8 ஹெர்ட்ஸ் வரை. இந்த இரண்டாவது வகைக்குப் பகுதியிடை அலைவு என்று பெயர். 0.25 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு சுற்றுக்கு 4 வினாடி. கட்டுப்பாட்டறையின் வழக்கமான திரை சில வினாடிகளுக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படுகிறது. அதனால் அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு இந்த அலைவு தெரியாமலே போகலாம். வினாடிக்கு 25 அல்லது 50 முறை அளவெடுத்து, ஒவ்வோர் அளவுக்கும் ஜி.பி.எஸ். நேரமுத்திரை குத்தி அனுப்பும் பி.எம்.யூ. கருவிகள் வந்த பிறகுதான் அலைவு கண்ணெதிரே தெரியத் தொடங்கியது. முதல் பி.எம்.யூ. 1988 வாக்கில் அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் உருவானது.

2. எப்படியும் தானாக அடங்கிவிடும் அல்லவா? இதற்கு ஏன் இத்தனை கவலை?

பெரும்பாலான நேரம் அடங்கிவிடும். எவ்வளவு விரைவில் அடங்குகிறது என்பதைத் தணிப்பு விகிதம் என்ற எண்ணால் சொல்கிறோம். அது 5 சதவீதமாக இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் வீச்சு கால்வாசிக்கு மேல் குறையும், பத்துச் சுற்றில் ஏறக்குறைய மறைந்துவிடும். 1 சதவீதம் என்றால் பத்துச் சுற்றுக்குப் பிறகும் பாதி வீச்சு மீதமிருக்கும். சுழியம் என்றால் அடங்கவே அடங்காது. சுழியத்துக்குக் கீழே போனால் அலைவு தானே வளரும்.

அப்படி வளர்ந்தது 1996 ஆகஸ்ட் 10 அன்று, அமெரிக்காவின் மேற்குக் கரையில். கடும் வெயில், வடக்கிலிருந்து கலிஃபோர்னியாவுக்குப் பெருமளவு மின்சாரம் ஓடிக்கொண்டிருந்த பிற்பகல். சில லைன்கள் முன்னரே விழுந்திருந்தன, அதாவது தொகுப்பிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்தன. 3.42 மணிக்கு ஒரிகனில் கீலர்–ஆல்ஸ்டன் லைன் தொய்ந்து மரத்தில் பட்டு விழுந்தது. சில நிமிடங்களில் மெக்நேரி நீர்மின் நிலையத்தின் அலகுகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. ஒரிகன்–கலிஃபோர்னியா இணைப்பில் கால் ஹெர்ட்ஸ் அளவிலான அலைவு ஒவ்வொரு சுற்றிலும் பெரிதாகி, கடைசியில் மேற்குத் தொகுப்பே நான்கு துண்டுகளானது. 75 லட்சம் நுகர்வோர் இருளில் மூழ்கினர்.

அந்நாளைய கணினி மாதிரியில் அதே நிகழ்வை ஓட்டிப் பார்த்தபோது அலைவு அழகாக அடங்குவதாகவே காட்டியது. இந்தத் தகவலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மாதிரியை நம்பிப் பழுது கண்டுபிடிப்பதைப் பற்றிப் பேசும்போது மறுபடி தேவைப்படும்.

3. தணிப்பு ஏன் குறைகிறது? யார் தவறு?

நீண்ட லைன்களில் அதிக மின்சாரம் அனுப்புவது ஒரு காரணம். லைன் நீண்டு, சுமை ஏற ஏற இரண்டு முனைகளுக்கும் இடையிலான பிடி தளர்கிறது. இன்னொரு காரணம், நாம் நல்லதென்று பொருத்திய ஏ.வி.ஆர். எனப்படும் தானியங்கி மின்னழுத்தச் சீராக்கி. ஷார்ட் சர்க்யூட் ஏற்பட்ட கணத்தில் மின்னழுத்தத்தைத் தூக்கி நிறுத்தி ஜெனரேட்டரைக் காப்பாற்றுவது அதுதான். ஆனால் வேகமாகவும் வலுவாகவும் செயல்படும் ஏ.வி.ஆர்., கனத்த சுமை நேரத்தில் தணிப்பைத் தின்றுவிடுகிறது. 1960களிலேயே இது தெரிந்துவிட்டது.

அந்தக் குறையை ஈடுகட்ட ஏ.வி.ஆரோடு சேர்ந்து வந்ததுதான் பி.எஸ்.எஸ். என்ற நிலைப்படுத்தி. சுழலியின் வேகத்தையோ மின்திறனையோ அளந்து, அலைவுக்கு எதிர்ப்புறமாக ஏ.வி.ஆருக்கு ஒரு சிறு திருத்தம் கொடுக்கும். அதைச் சோதிப்பதை ஒருமுறையாவது நேரில் பார்க்க வேண்டும். ஏ.வி.ஆரின் இலக்கு மின்னழுத்தத்தை ஓரிரு சதவீதம் சட்டென்று மாற்றுவார்கள். பி.எஸ்.எஸ். அணைந்திருந்தால் மெகாவாட் கோடு ஏழெட்டு முறை ஏறி இறங்கி மெல்ல ஓயும். இயக்கத்தில் இருந்தால் இரண்டே ஊசலில் படுத்துவிடும். சோதனை முடியும்வரை ஒருவரின் கை அணைக்கும் சுவிட்சின் மேலேயே இருக்கும். காரணம் ஆறாம் கேள்வியில் வருகிறது.

4. எங்கள் நிலையத்தில் பி.எஸ்.எஸ். இருக்கிறது. அது போதாதா?

உங்கள் நிலையத்தின் 1 ஹெர்ட்ஸ் அலைவுக்குப் போதும். பகுதியிடை அலைவுக்குப் பல நேரம் போதாது. நூற்றுக்கணக்கான ஜெனரேட்டர்கள் பங்கேற்கும் 0.25 ஹெர்ட்ஸ் அலைவில் உங்கள் அலகின் பங்கு மிகச் சிறியது. அது உங்கள் சென்சாரில் மங்கலாகத் தெரியும், உங்கள் ஏ.வி.ஆராலும் அதை அதிகம் அசைக்க முடியாது.

அதனால் அலைவு பளிச்சென்று தெரியும் இரண்டு தொலைவிடங்களில் அளந்து, அதை வலுவாக அசைக்கக்கூடிய ஒரே இடத்தில் செயல்படலாம் என்ற எண்ணம் வந்தது. செயல்படும் கருவி நேர்மின் உயரழுத்த இணைப்பாக, அதாவது எச்.வி.டி.சி. லைனாக இருக்கலாம், அல்லது லைனின் தொடர் மின்தேக்கத்தை மின்னணு முறையில் மாற்றும் டி.சி.எஸ்.சி.யாக இருக்கலாம். பிரேசிலில் வடக்கு–தெற்கு இணைப்பின் இரு முனைகளிலும், இம்ப்பெராட்ரிஸிலும் செரா ட மேசாவிலும், 1999 முதல் டி.சி.எஸ்.சி.க்கள் 0.2 ஹெர்ட்ஸ் அலைவை அடக்கிவருகின்றன. ஆனால் அளப்பது ஓரிடம், செயல்படுவது வேறிடம் என்று ஆனதுமே நடுவில் தகவல்தொடர்பு வந்துவிடுகிறது. அதோடு பழுதுகளும் வந்துவிடுகின்றன.

5. பழுது என்றால் லைனில் ஏற்படும் ஃபால்ட்டா?

இல்லை. லைன் ஃபால்ட்டைக் கவனிக்க ரிலேக்கள் இருக்கின்றன. இங்கே பழுது என்பது தணிக்கும் அமைப்பின் உறுப்பு ஒன்று கெடுவது. பி.எம்.யூ. நின்றுபோவது, கடைசி அளவையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருப்பது, ஜி.பி.எஸ். கடிகாரம் நழுவுவது, தரவுப் பொட்டலங்கள் தாமதமாகவோ வரிசை மாறியோ வருவது, செயல்படும் கருவி பாதித் திறனில் இயங்குவது, கட்டுப்பாட்டுக் கணினி உறைந்துபோவது எல்லாம் இதில் சேரும்.

இவற்றில் எனக்கு அதிகம் பயம் தருவது கடிகாரம் நழுவுவதுதான். ஒரு முழுச் சுற்றை 360 பாகை என்று கொண்டால், 50 ஹெர்ட்ஸ் தொகுப்பில் 1 மில்லிவினாடிப் பிழை என்பது 18 பாகைக் கோணப் பிழை. அளவு வந்துகொண்டே இருக்கும், வரைபடம் அழகாகவே இருக்கும், எண் மட்டும் பொய்யாக இருக்கும். செத்துப்போன சென்சாரைக் கண்டுபிடிப்பது இதைவிடப் பல மடங்கு எளிது.

6. தணிப்பான் கெட்டால் அது இல்லாத பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அதற்குமேல் என்ன ஆகிவிடப் போகிறது?

இந்தப் பக்கத்தை எழுதத் தூண்டியதே இந்தக் கேள்விதான். கெட்ட தணிப்பான் சும்மா இருக்கும் என்று நினைப்பது தவறு. ஊஞ்சலை நிறுத்தப் பிடித்துத் தள்ளும் கை நேரம் தவறினால் ஊஞ்சல் இன்னும் உயரப் போகும். அதுபோல் திருத்தம் சரியான கட்டத்தில், அதாவது அலைவுச் சுற்றின் சரியான இடத்தில், போனால்தான் அது தணிப்பு. 90 பாகை விலகினால் பயன் சுழியம். அதற்கு மேல் விலகினால் தணிப்பானே அலைவை வளர்க்கத் தொடங்கும். இரண்டு வயர்களைத் துருவம் மாற்றிக் கட்டினாலே 180 பாகை விலகிவிடும். சோதனையின்போது சுவிட்சின் மேல் கை இருப்பது அதனால்தான்.

ஒரே ஒரு கெட்ட அளவீடு என்ன செய்யும் என்பதற்கு 2019 ஜனவரி 11 சாட்சி. அமெரிக்காவின் புளோரிடாவில் எரிவாயு டர்பைனும் நீராவி டர்பைனும் சேர்ந்து இயங்கும் ஒரு கூட்டுச் சுழற்சி மின்நிலையத்தில் நீராவி டர்பைனின் கட்டுப்பாட்டுக்குப் போகும் மின்னழுத்த உள்ளீடு ஒன்று பழுதானது. டர்பைனின் திறனும் சுமையும் பொருந்தவில்லை என்று நினைத்துக்கொண்ட கட்டுப்பாடு வால்வுகளை மூடி மூடித் திறந்தது. அந்த அலகின் உற்பத்தி 200 மெகாவாட் வரை ஊசலாடியது. ஊசலின் அலைவெண் 0.25 ஹெர்ட்ஸ். கிழக்குத் தொகுப்பின் இயல்பான அலைவெண்ணுக்கு அது மிக அருகில் இருந்ததால் தொகுப்பு முழுவதும் கூடவே ஆடியது. தொலைவில் நியூ இங்கிலாந்திலும் சுமார் 50 மெகாவாட் ஊசல் பதிவானது. 18 நிமிடம் கழித்து அலகை நிறுத்திய பிறகே அடங்கியது. அது தணிப்புக் கருவியில் ஏற்பட்ட பழுது அல்ல, சாதாரண டர்பைன் கட்டுப்பாட்டில் ஏற்பட்டது. அப்படியிருந்தும் இவ்வளவு. தொகுப்பையே அசைக்கத் தேர்ந்தெடுத்த இடத்தில் உள்ள கருவி பொய்யை நம்பினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

7. அப்படி வெளியிலிருந்து திணிக்கப்படும் அலைவையும் தணிப்பான் அடக்குமா?

ஓரளவு வீச்சைக் குறைக்கும். ஆனால் மூலத்தை நிறுத்தாமல் முழுதும் போகாது. புளோரிடா நிகழ்வில் செய்ய வேண்டியிருந்தது அந்த அலகைக் கண்டுபிடித்து நிறுத்துவதுதான். தணிப்பு குறைந்து தானே வளரும் அலைவா, எங்கோ ஒரு கருவி திணிக்கும் அலைவா என்று முதலில் பிரித்தறிய வேண்டும். இரண்டுக்கும் மருந்து வேறு.

8. நூறு மில்லிவினாடித் தாமதம் எல்லாம் ஒரு பொருட்டா? அலைவே நான்கு வினாடி எடுக்கிறதே?

கணக்குப் போட்டுப் பாருங்கள். அலைவெண்ணைத் தாமதத்தால் பெருக்கி 360 ஆல் பெருக்கினால் கட்டப் பிழை எத்தனை பாகை என்று வரும். 0.25 ஹெர்ட்ஸில் 100 மில்லிவினாடி என்பது 9 பாகை, பொருட்படுத்த வேண்டாம். 0.4 ஹெர்ட்ஸில் 14.4 பாகை, அதுவும் சமாளிக்கலாம். 1 ஹெர்ட்ஸில் 36 பாகை. தாமதம் 250 மில்லிவினாடி ஆனால் 1 ஹெர்ட்ஸ் அலைவில் 90 பாகையைத் தொட்டுவிடுகிறோம். அதாவது ஆறாம் பதிலில் சொன்ன விளிம்புக்கு வந்துவிட்டோம்.

சிக்கல் இங்கேதான் இருக்கிறது. நீங்கள் 0.25 ஹெர்ட்ஸை அடக்குவதற்கென்று வைத்த கட்டுப்பாடு அதை மட்டும் தொடுவதில்லை. 1 ஹெர்ட்ஸ் அலைவும் அதே சிக்னலில் வரும். வடிகட்டி சரியில்லை என்றால் பெரிய அலைவை அடக்கிக்கொண்டே சின்ன அலைவைக் கிளப்பிவிடும். நிலையான தாமதத்தையாவது முன்கூட்டியே ஈடுசெய்யலாம். பொட்டலத்துக்குப் பொட்டலம் மாறும் தாமதம்தான் தொல்லை. நேரமுத்திரை பார்த்து இரு முனை அளவுகளையும் ஒரே கணத்துக்குப் பொருத்திய பிறகே ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்க வேண்டும். இல்லையென்றால் இல்லாத அலைவு ஒன்று கணக்கில் தோன்றும்.

9. இது ஆய்வுக் கட்டுரைகளில் மட்டும்தானா? உண்மையில் எங்காவது ஓடியிருக்கிறதா?

ஓடியிருக்கிறது. இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் வேலையும் அதுதான். 1996 இல் உடைந்த அதே மேற்குத் தொகுப்பில், ஒரிகனின் செலிலோவிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் அருகேயுள்ள சில்மார் வரை பசிபிக் நேர்மின் இணைப்பு 1,362 கிலோமீட்டர் ஓடுகிறது. 1970 இல் இயக்கத்துக்கு வந்தது. அதன் திறனைச் சற்றே ஏற்றி இறக்கி அலைவை அடக்க 1976 இலேயே முயன்றார்கள். பக்கத்து மாறுமின் இணைப்பின் மின்திறனை மட்டும் சிக்னலாக எடுத்துக்கொண்டார்கள். பி.எம்.யூ. இல்லாத காலத்தில் வேறு வழியும் இல்லை. தொகுப்பின் நிலை மாறும்போதெல்லாம் அந்த சிக்னலின் குணம் மாறியதால் பின்னர் அது கைவிடப்பட்டது.

சாண்டியா தேசிய ஆய்வகம், மொன்டானா டெக், பான்வில் மின் நிர்வாகம் ஆகியவை சேர்ந்து அதை மீண்டும் கையிலெடுத்தன. இம்முறை வடக்கிலும், கலிஃபோர்னிய எல்லை அருகிலும் உள்ள பி.எம்.யூ.க்களின் அலைவெண் வேறுபாட்டை எடுத்துக்கொண்டார்கள். வடக்கு வேகமாகச் சுழன்றால் நேர்மின் லைன் வழியாகக் கொஞ்சம் கூடுதலாக இழுப்பது, மெதுவானால் குறைப்பது. உச்ச வரம்பு 125 மெகாவாட். 2016 செப்டம்பரில் உண்மையான தொகுப்பில் முதன்முறையாக மூடிய சுற்றில், அதாவது அளவீட்டின்படி கட்டளை தானாகவே லைனுக்குப் போகும்படி, ஓட்டினார்கள். சோதனைக்காகத் தொகுப்பை வேண்டுமென்றே உலுக்க, சீஃப் ஜோசப் அணைக்கட்டில் உள்ள மின்சாரத்தை வெப்பமாக்கும் 1,400 மெகாவாட் ரெசிஸ்டர் சுமையை அரை வினாடி மட்டும் இணைத்துத் துண்டித்தார்கள். ஒரு முக்கிய வடக்கு–தெற்கு அலைவின் தணிப்பு 11.5 சதவீதத்திலிருந்து 16 சதவீதமானது.

10. அந்த அமைப்பு பழுதை எப்படித் தாங்கியது? ஒன்றுக்குப் பதில் மூன்று கருவி வைத்துவிட்டால் முடிந்ததா?

மூன்று வைப்பதில் பயன் உண்டு. மூன்றும் ஒரே ஜி.பி.எஸ். ஆன்டெனாவை, ஒரே கேபிளை, ஒரே மின்கலத்தை நம்பியிருந்தால் மட்டும் பயன் இல்லை. எண்ணிக்கையைவிட வேறுவேறாக இருப்பதுதான் முக்கியம்.

பசிபிக் இணைப்பில் வடக்கே நான்கு, தெற்கே நான்கு அளவிடங்கள். ஒவ்வொரு வடக்கையும் ஒவ்வொரு தெற்கோடு சேர்த்தால் 16 ஜோடிகள். 16 ஜோடிகளுக்கும் கட்டளை இடைவிடாமல் கணக்கிடப்பட்டுக்கொண்டே இருக்கும். அவற்றில் நலமான ஒன்றின் கட்டளை மட்டும் லைனுக்குப் போகும். அந்த ஜோடியின் தரவு உறைந்தாலோ, தாமதம் வரம்பு மீறினாலோ, எண் நம்பமுடியாத அளவுக்குத் துள்ளினாலோ அடுத்த ஜோடிக்கு மாறிவிடும். மாறும் கணத்தில் கட்டளையில் திடீர்க் குதிப்பு வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அந்தக் குதிப்பே ஒரு புதிய உலுக்கல்.

இவற்றுக்கு மேலே ஒரு மேற்பார்வை அடுக்கு இருக்கிறது. கட்டுப்பாட்டுக் கணினி உயிரோடு இருக்கிறதா, தொகுப்பு துண்டுகளாகிவிட்டதா என்று அது பார்க்கும். சந்தேகம் வந்தால் திருத்தத்தைச் சுழியமாக்கிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். நேர்மின் லைன் தன் வழக்கமான வேலையைத் தொடரும். 125 மெகாவாட் என்ற வரம்பும் ஒரு பாதுகாப்புதான். எல்லாம் பொய்த்துப்போனாலும் சேதம் அந்த எல்லையைத் தாண்டாது. சாதாரண பி.எஸ்.எஸ்.ஸின் வெளியீட்டையும் சில சதவீதத்துக்குள் கட்டிவைப்பது இதற்காகவே.

11. கூடுதல் கருவி வாங்கப் பணமில்லை என்றால்? கணிதத்தால் பழுதைக் கண்டுபிடிக்க முடியாதா?

முடியும். தொகுப்பின் மாதிரி ஒன்றைக் கணினியில் உடன் ஓடவிட்டு, இந்த சென்சார் இப்போது என்ன காட்ட வேண்டும் என்று மதிப்பிடலாம். உண்மை அளவுக்கும் மதிப்பீட்டுக்கும் உள்ள வேறுபாட்டுக்கு எச்சம் என்று பெயர். எல்லாம் நலமாக இருந்தால் எச்சம் சுழியத்தை ஒட்டிக் கிடக்கும். எந்த சென்சார் கெட்டது என்று தெரிய வேண்டுமானால் பல மதிப்பீட்டாளர்களை ஓடவிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு சென்சாரை மட்டும் மறைத்துவிடுங்கள். மூன்றாவது சென்சார் கெட்டால் அதைப் பார்க்காதவரின் எச்சம் மட்டும் அமைதியாக இருக்கும், மற்றவர்களுடையது எகிறும்.

ஆனால் இரண்டாம் பதிலை மறக்க வேண்டாம். 1996 இல் மாதிரியே பொய் சொன்னது. லைன் ஒன்று விழுந்தால் தொகுப்பு மாறிவிடும், பழைய மாதிரி பொருந்தாது, எந்த சென்சாரும் கெடாமலே எச்சம் எகிறும். தணிப்பான் மிகவும் தேவைப்படும் அந்தக் கணத்தில் நல்ல சென்சார்களை எல்லாம் கெட்டவை என்று தள்ளிவிட்டால் விபரீதம். எல்லா எச்சங்களும் ஒரே நேரத்தில் எகிறினால் தொகுப்பு மாறிவிட்டது என்றும், ஒன்றைத் தவிர மற்றவை எகிறினால் சென்சார் பழுது என்றும் பிரித்துப் பார்ப்பது ஒரு வழி. பக்கத்துப் பக்கத்து பி.எம்.யூ.க்களின் அலைவெண்ணை ஒப்பிடுவதற்கு மாதிரியே தேவையில்லை. எனக்கு இந்த எளிய ஒப்பீட்டின்மேல்தான் நம்பிக்கை அதிகம்.

12. எச்சம் எவ்வளவு எகிறினால் பழுது என்று கொள்வது, அந்த வாசல் அளவை எங்கே வைப்பது? தாழ வைத்தால் பொய் எச்சரிக்கை, உயர வைத்தால் பழுது தப்பிவிடுகிறது.

எல்லாருக்கும் பொருந்தும் ஓர் எண் கிடையாது. ஆனால் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதை வைத்து முடிவெடுக்கலாம். 0.4 ஹெர்ட்ஸ் அலைவில் ஒரு சுற்று இரண்டரை வினாடி. பழுதைக் கண்டுபிடிக்கக் கால் வினாடி எடுத்தாலும் சுற்றில் பத்தில் ஒரு பங்குதான் போகிறது. எனவே ஒரே ஓர் அளவீட்டைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டிய அவசரம் இல்லை. அடுத்தடுத்துப் பல அளவீடுகள் வரம்பைத் தாண்டினால் மட்டும் பழுது என்று கொள்ளலாம். ஒதுக்கிய சென்சாரைத் திரும்பச் சேர்ப்பதில் மட்டும் இன்னும் நிதானமாக இருங்கள். போய்ப்போய் வரும் சென்சாரால் கட்டுப்பாடு முன்னும் பின்னும் தாவிக்கொண்டிருப்பது எல்லாவற்றிலும் மோசம்.

பழுதை வேகமாகக் கண்டுபிடிக்க வேண்டியது எப்போது தெரியுமா? வெளியீட்டு வரம்பு பெரிதாக இருக்கும்போது. வரம்பைச் சிறிதாக்கினால் உங்களுக்கு நேரம் கிடைக்கும்.

13. பழுது தெரிந்த பிறகு கட்டுப்பாட்டை மறுபடி வடிவமைக்க நேரம் ஏது?

மறுவடிவமைப்பு தேவையில்லாத வழிகள் உண்டு. சென்சார் கெட்டால் மற்ற சென்சார்களிலிருந்து அதன் அளவைக் கணித்துக் கட்டுப்பாட்டுக்கு ஊட்டலாம். இதற்கு மெய்நிகர் சென்சார் என்று பெயர். கட்டுப்பாட்டுக்குப் பழுது நடந்ததே தெரியாது. செயல்படும் கருவி கெட்டால், அதற்குரிய கட்டளையை மீதமுள்ள கருவிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் மெய்நிகர் இயக்கி வைக்கலாம். மீதமுள்ளவற்றால் அந்த அலைவை அசைக்க முடியுமானால் மட்டுமே இது நடக்கும். அசைக்க முடியாத இடத்தில் உள்ள கருவிக்கு எவ்வளவு கட்டளை கொடுத்தும் பலனில்லை.

மற்றொரு சிந்தனைப் பள்ளி, பழுதைக் கண்டுபிடிக்கவே வேண்டாம், எந்த ஒரு சிக்னல் போனாலும் தணிப்பு சுழியத்துக்கு மேலே இருக்கும்படி முதலிலேயே வடிவமைத்துவிடலாம் என்கிறது. எளிமையானது, ஆனால் எல்லாப் பழுதுக்கும் தயாராக இருக்கும் கட்டுப்பாடு பழுதில்லாத நாளில் மந்தமாக இருக்கும். என்னைக் கேட்டால் இரண்டையும் சேர்ப்பேன். உள்ளூர் சிக்னலை மட்டும் நம்பும் மந்தமான பி.எஸ்.எஸ். எப்போதும் அடியில் ஓடட்டும். தொலைதூர சிக்னலை நம்பும் கூர்மையான தணிப்பான் அதன்மேல் இருக்கட்டும். மேலே உள்ளது போனாலும் கீழே உள்ளது மிஞ்சும்.

14. 2025 இல் ஸ்பெயின் இருண்டது அலைவைத் தணிக்கப் போனதால்தான் என்கிறார்களே?

அது பாதி உண்மை. 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்ச்சுகலும் 12.33 மணிக்கு இருண்டன. அதற்கு அரை மணி முன்னால், 12.03 மணிக்கு 0.6 ஹெர்ட்ஸ் அலைவும், 12.19 மணிக்கு 0.2 ஹெர்ட்ஸ் அலைவும் எழுந்தன. கட்டுப்பாட்டறையினர் அவற்றை அடக்கிவிட்டார்கள். பிரான்சுக்குப் போகும் மின்சாரத்தைக் குறைத்தார்கள், கூடுதல் லைன்களை இணைத்தார்கள், பிரான்சுடனான நேர்மின் இணைப்பை நிலையான திறனில் ஓடும்படி மாற்றினார்கள். எல்லாம் அலைவுக்கு ஏற்ற மருந்துகள். ஆனால் சுமை குறைந்த லைன்கள் மின்னழுத்தத்தை ஏற்றிவிடும். பின்னர் மின்னழுத்தம் கட்டுக்கடங்காமல் ஏறி, நிலையங்கள் அடுத்தடுத்து விலகிக்கொண்டதால் தொகுப்பு வீழ்ந்தது. அந்த வேளையில் அலைவு அடங்கியே இருந்தது.

அலைவை அடக்கியது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். அடக்கிய கையோடு மின்னழுத்தத்தைப் பிடித்து நிறுத்தப் போதிய வசதி இல்லாமல் போனதுதான் குறை. வடிவமைப்பவர்களுக்கு இதில் ஒரு நடைமுறைச் செய்தி இருக்கிறது. தணிப்புக் கட்டளையைச் சோதிக்கும்போது மெகாவாட் வரைபடத்தை மட்டும் பார்க்காதீர்கள், சுற்றுவட்டாரத்து மின்னழுத்தத்தையும் பாருங்கள்.

15. நம் ஊருக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

2013 டிசம்பர் 31 வரை தென்மாநிலத் தொகுப்பு மற்ற இந்தியாவோடு நேர்மின் வழிகளில் மட்டுமே இணைந்திருந்தது. அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வழியே ஒரே தொகுப்பானது. அன்று முதல் தெற்கு முழுவதும் வடக்குக்கு எதிராக அலைய வழி பிறந்தது.

மத்திய மின்சார ஆணையத்தின் 2007 இணைப்பு விதிகள் 100 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ள ஜெனரேட்டர்களின் ஏ.வி.ஆரில் பி.எஸ்.எஸ். இருக்க வேண்டும் என்கின்றன. அதோடு தனித்தனி உள்ளீடு கொண்ட இரண்டு தடங்களும் தானாக மாறும் வசதியும் வேண்டும் என்கின்றன. பழுதைத் தாங்க வேண்டும் என்ற எண்ணம் அந்த வரியிலேயே இருக்கிறது. நேர்மின் லைன்களும் நம்மிடம் குறைவில்லை. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகளூருக்கு 800 கிலோவோல்ட்டில் 6,000 மெகாவாட் கொண்டுவரும் லைன் இருக்கிறது. புகளூரிலிருந்து திருச்சூருக்கு 2,000 மெகாவாட் இணைப்பும் இருக்கிறது. பசிபிக் இணைப்பு செய்ததைச் செய்யும் உடல்வலு இவற்றுக்கு உண்டு.

16. என் ப்ராஜெக்ட்டில் இரு பகுதி, நான்கு ஜெனரேட்டர் மாதிரியில் எல்லாம் அருமையாக வேலை செய்கிறது. வேறு எதைச் சோதிக்க வேண்டும்?

முதலில் சென்சாரை வெட்டி அணைப்பதை நிறுத்துங்கள். அதைக் கண்டுபிடிப்பது எளிது என்று ஐந்தாம் பதிலில் பார்த்தோம். கடைசி அளவில் உறையவிடுங்கள். நேரமுத்திரையை வினாடிக்குச் சில மைக்ரோவினாடி வீதம் நழுவவிடுங்கள். அளவின் கூட்டல், கழித்தல் குறியை மாற்றுங்கள். தாமதத்தை நிலையாக வைக்காமல் தாறுமாறாக மாற்றுங்கள்.

அடுத்து, பழுதையும் லைன் விழுவதையும் ஒரே நேரத்தில் கொடுங்கள். பதினோராம் பதிலில் சொன்ன குழப்பம் அப்போதுதான் வெளிவரும். கட்டுப்பாட்டை ஒரு மாதிரியில் வடிவமைத்து, சுமையும் லைன்களும் வேறான இன்னொரு மாதிரியில் ஓட்டுங்கள். வடிவமைத்த மாதிரியிலேயே சோதித்து வெற்றி கண்டால் அதற்கு மதிப்பெண் குறைவாகத்தான் கொடுப்பேன்.

கடைசியாக, எந்தப் பழுதும் இல்லாமல், எந்த உலுக்கலும் இல்லாமல், அளவீட்டு இரைச்சலை மட்டும் கொடுத்து ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். பெரும்பாலான நாட்களில் உண்மைத் தொகுப்பு இப்படித்தான் இருக்கும். அந்த ஒரு மணி நேரத்தில் உங்கள் தணிப்பான் எத்தனை முறை காரணமில்லாமல் சென்சார் மாற்றியது, எத்தனை மெகாவாட்டைக் காரணமில்லாமல் அசைத்தது என்று எண்ணி அறிக்கையின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். ஒரு துணைமின் நிலையத்தின் பொறுப்பாளர் உங்கள் கருவியைப் பொருத்த இசைவாரா மாட்டாரா என்பதை அந்த எண்தான் தீர்மானிக்கும்.